மென்பொருள் அனுமதியைப் பதவிக்குக் கொடுங்கள்

கணக்கு மென்பொருளிலும் ஈ.ஆர்.பி.யிலும் (கொள்முதல், இருப்பு, கணக்கு போன்ற நிறுவன வேலைகளை ஒன்றிணைக்கும் மென்பொருள்) பார்க்கும், திருத்தும், ஒப்புதல் தரும் உரிமைகளை ஊழியரின் பெயருக்கு நேரடியாகக் கொடுக்காமல், 'கொள்முதல் அலுவலர்', 'கிளை மேலாளர்' என்று பதவிவாரியாக அமைத்து, அந்தப் பதவியில் ஊழியரைச் சேருங்கள். ஒருவர் இடம் மாறும்போது ஒவ்வோர் அனுமதியையும் தேடித் திருத்த வேண்டியதில்லை, பதவியை மாற்றினால் போதும். நிர்வாகம் ஒப்புதல் வரம்பை உயர்த்த முடிவு செய்தாலும் ஒரே இடத்தில் செய்யும் திருத்தம் எல்லாக் கிளை மேலாளர்களுக்கும் பொருந்திவிடும். கொள்முதல் ஆணை எழுதுபவரே அதற்கான பணத்தையும் விடுவிக்கும் ஆபத்தான நிலை எங்கேனும் இருக்கிறதா என்பதும் பதவிப் பட்டியலிலேயே தெரிந்துவிடும் (எனக்கு இதுவே பெரிய பயனாகப் படுகிறது). ஆனால் கடவுச்சொல் ஆளுக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும். மூன்று நான்கு பேர் எல்லா வேலையையும் பகிர்ந்து செய்யும் சிறு கடைக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை.