எலும்பு சர்வே எடுக்க வெளிக்கிடுறீங்களா, இதப் பாத்திட்டு போங்க

திருகோணமலைல பைனல் இயர் ரிசேர்ச் செய்யுற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. முதல் எதிக்ஸ் அப்ரூவல் (ஆய்வு நெறிமுறைக் குழுவின்ட அனுமதி), அது கைக்கு வராம ஒரு ஆளிட்டயும் பேப்பர நீட்டாதீங்க.

அடுத்தது கேள்வி. "எலும்புத் தேய்மானம் இருக்கா"ன்னு கேட்டா நிலாவெளில உள்ள அம்மம்மா முழங்கால் நோவப் பத்தித்தான் சொல்லுவா, அது மூட்டுப் பிரச்சினை, ஒஸ்டியோபொரோசிஸ் எண்டா எலும்பின்ட அடர்த்தி குறையிறது, டெக்ஸா ஸ்கேன்ல (எலும்பு அடர்த்திய அளக்கிற எக்ஸ்ரே) டி ஸ்கோர் (இளம் ஆக்கள்ட சராசரியோட ஒப்பிட்ட அளவு) -2.5 அல்லது அதுக்குக் கீழ. அதால "சும்மா வழுக்கி விழுந்ததுக்கே எலும்பு முறிஞ்சதா"ன்னு கேளுங்க. கல்சியத்துக்கு பால மட்டும் கேட்டா காணாது, நெத்தலியும் கீரையும் போடுங்க, இங்க ஆக்கள் சாப்பிடுறது அதுதானே. பத்துப் பேரிட்ட முதல் ட்ரை பண்ணிட்டு திருத்துங்க.

நேர்சிங் பிள்ளைகள் யூனிபோர்மோட வாட்டுல போய் கேக்காதீங்க, மாட்டன் எண்டு சொல்ல நோயாளிக்கு பயம், அப்ப அது சம்மதமே இல்ல. கையெழுத்து தெரியாட்டி சாட்சியோட கைநாட்டு.

எலும்பில்லாம சுற்றாடல் மனப்பான்மைய ஆய்வு செய்ய என்ஈபி ஸ்கேல் (நியூ எக்கொலொஜிக்கல் பரடைம் எண்ட கேள்விக்கொத்து) எடுக்கிற ஆக்கள், 15 கேள்வில 7 தலைகீழா இருக்கும் (ஓமெண்டா சுற்றாடலுக்கு எதிரான கருத்து), ஸ்கோர திருப்பாம கூட்டிட்டு பிறகு அல்பா (கேள்விகள் ஒண்டோடொண்டு பொருந்துதா எண்டு காட்டுற எண்) குறையுதெண்டு அழாதீங்க.