எளியோருக்கு ஏன் முதலில் அறிவிக்கப்பட்டது? லூக்கா 2:1–20-ஐ வகுப்பில் நடத்தும் முறை

இயேசு பிறந்த செய்தி அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் போகாமல், வயல்வெளியில் இரவுக் காவல் இருந்த மேய்ப்பர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தது ஏன் என்ற கேள்வி, கிறிஸ்துமஸ் காலத்து வேதபாட வகுப்புகளில் தவறாமல் எழும். "அவர்கள் தாழ்மையானவர்கள், தேவன் தாழ்மையானவர்களை நேசிக்கிறார்" என்ற விடையும் உடனே வரும். பாடம் அத்துடன் முடிந்துபோகும். அந்த விடை தவறானதல்ல என்றாலும், லூக்கா அதை இந்தப் பகுதியில் எங்கும் எழுதவில்லை. அந்த மேய்ப்பர்கள் தாழ்மையானவர்களா, பக்தியுள்ளவர்களா, எத்தனை பேர், என்ன பெயர், என்ன வயது என்று அவர் ஒன்றுமே சொல்வதில்லை. ஆகவே, காரணத்தை மேய்ப்பர்களின் குணத்தில் தேடுவதை விட்டு, லூக்கா இந்த நிகழ்ச்சியை எதற்கு முன்னும் எதற்குப் பின்னும் வைத்துச் சொல்கிறார் என்பதில் தேடுவதே சரியான தொடக்கம். வகுப்பு நடத்தப்போகிறவர் அதற்கு எப்படி ஆயத்தம் செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

தொடங்கும் முன் கேள்வியையே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்பது மரியாளுக்கும் யோசேப்புக்கும் எலிசபெத்துக்கும் முன்பே தெரியும். "இன்று பிறந்திருக்கிறார்" என்று, பிறப்பு நடந்தேறிய பின் வெளியாரில் முதலில் கேட்டவர்களே மேய்ப்பர்கள். இதை வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பாதி வழியில் யாராவது எழுந்து "மரியாளுக்குத்தானே முதலில் தெரியும்?" என்று கேட்பதைத் தவிர்க்கலாம்.

எட்டாம் வசனத்தில் தொடங்காதீர்கள்

பெரும்பாலோர் "அந்த நாட்டிலே மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி" என்ற இடத்தில்தான் வாசிப்பைத் தொடங்குகிறார்கள். முதல் வசனத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே வரும் முதல் பெயர் அகுஸ்துராயன்; கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை உரோமப் பேரரசை ஆண்டவர். அவர் ஒரு கட்டளை பிறப்பிக்கிறார். உலகமெங்கும் மக்கள் குடிமதிப்புக்காகத் தங்கள் ஊர்களுக்கு நடக்கிறார்கள். இடையில் சீரியா நாட்டுத் தேசாதிபதியான சிரேனியுவின் பெயர் வருகிறது. அதன் பிறகே நாசரேத்திலிருந்து புறப்படும் ஒரு தச்சனும், நிறைமாதக் கர்ப்பிணியும், இடமில்லாத சத்திரமும், முன்னணையும், கடைசியாகப் பெயரில்லாத மேய்ப்பர்களும் வருகிறார்கள். உலகத்தின் உச்சியில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி, இராத்திரி வயல்வெளி வரைக்கும் லூக்கா வாசகரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். செய்தி அந்தக் கடைசிப் படியில்தான் அறிவிக்கப்படுகிறது.

இந்த இறக்கத்தின் கூர்மையை வகுப்பு உணர வேண்டுமானால், அந்நாட்களில் "நற்செய்தி" என்பது யாரைக் குறித்து அறிவிக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய துருக்கியில் உள்ள பிரீயேனே என்ற பழைய நகரத்தில் கி.மு. 9-ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆசிய மாகாணத்தின் நாட்காட்டியை அகுஸ்துவின் பிறந்தநாளில் தொடங்கும்படி மாற்றியமைத்த தீர்மானம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அவரை இரட்சகர் என்று போற்றி, அவருடைய பிறந்தநாளை உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று அது கொண்டாடுகிறது. அந்தக் கல்வெட்டை லூக்கா பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. அப்படிப்பட்ட பேச்சு அன்றைய பேரரசில் புழங்கிற்று என்பதே நமக்குப் போதும். அதே காலத்தில் நற்செய்தி, பிறப்பு, இரட்சகர் என்ற மூன்றும் வேறொரு குழந்தையைக் குறித்து ஆட்டுமந்தையின் அருகே சொல்லப்பட்டதென்றால், அதைக் கேட்ட முதல் வாசகர்களுக்கு அது வெறும் தொழுவக் காட்சியாக இருந்திருக்காது.

சிரேனியுவின் பெயரால் ஒரு விவாதம் கிளம்பலாம். இயேசு பிறந்தபோது யூதேயாவின் ராஜாவாயிருந்ததாகச் சொல்லப்படும் ஏரோது கி.மு. 4-இல் இறந்ததாகப் பெரும்பாலோர் கணக்கிடுகிறார்கள். சிரேனியுவின் குடிமதிப்பை யோசேபஸ் என்ற வரலாற்றாசிரியர் கி.பி. 6-ஐ ஒட்டி வைக்கிறார். இரண்டையும் பொருத்த அறிஞர்கள் பல வழிகளை முன்வைத்திருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விடும். சிக்கல் உண்டு என்று நேர்மையாக ஒத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதே நல்லது. டிசம்பர் 25-ஐப் பற்றிய கேள்வியும் இப்படித்தான்: லூக்கா தேதி எதுவும் தரவில்லை.

மேய்ப்பர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை எடைபோடுங்கள்

பிரசங்கங்களில் இரண்டு கூற்றுகள் அடிக்கடி வரும். அவற்றை அப்படியே எடுத்து வகுப்பில் சொல்லிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாவது, மேய்ப்பர்கள் அன்றைய யூத சமுதாயத்தில் தீண்டத்தகாதவர்களைப் போல வெறுக்கப்பட்டார்கள், நீதிமன்றத்தில் அவர்களுடைய சாட்சி செல்லாது என்பது. இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. மேய்ப்பனின் தொழிலைக் கள்வர் தொழில்களோடு சேர்த்து எண்ணும் ஒரு ரபியின் கருத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. மேய்ப்பர்கள் சாட்சி சொல்லத் தகாதவர்கள் என்ற விதி மிஷ்னாவை விரித்துரைக்கும் பாபிலோனியத் தல்மூத்தில் இருக்கிறது. ஆனால் மிஷ்னா ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்டது, தல்மூத் அதற்கும் சில நூற்றாண்டுகள் கழித்து முழுமையடைந்தது. அவற்றை இயேசு பிறந்த இரவுக்குப் பின்னோக்கித் தள்ளுவது எளிதல்ல. மேலும், வேதாகமத்திலேயே மோசே மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டான். கர்த்தரே மேய்ப்பராக 23-ஆம் சங்கீதத்தில் பாடப்படுகிறார். அவர்கள் கையில் அதிகாரமோ செல்வமோ இல்லாத உழைப்பாளிகள், ஊர் உறங்கும்போது வெளியில் விழித்திருந்தவர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். லூக்காவின் எழுத்து அதற்கு இடம் தருகிறது. அவமானத்தின் சாயத்தை அதிகமாகப் பூசினால், கதை உருக்கமாகும், உண்மை குறையும்.

இரண்டாவது, இவை எருசலேம் ஆலயத்தில் பலியிடுவதற்காக வளர்க்கப்பட்ட ஆடுகள், ஆகவே உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டியானவரை முதலில் காண இவர்களே பொருத்தமானவர்கள் என்பது. எருசலேமுக்கும் ஏதேர் கோபுரத்துக்கும் இடையில் காணப்படும் கால்நடைகளைப் பலிக்குரியவையாகக் கருத வேண்டும் என்று மிஷ்னா சொல்வதையும், அந்தக் கோபுரம் ஆதியாகமம் 35-இல் பெத்லகேமை ஒட்டிய நிகழ்ச்சியில் வருவதையும் இணைத்து, 19-ஆம் நூற்றாண்டில் ஆல்பிரட் எடர்ஷைம் என்ற அறிஞர் இக்கருத்தைப் பரப்பினார். அழகான கருத்துதான். ஆயினும் லூக்கா ஆலயத்தையோ பலியையோ இந்த இடத்தில் குறிப்பிடவே இல்லை. விரும்பினால் ஒரு சாத்தியமாகச் சொல்லலாம். பாடத்தின் மையமாக வைக்க வேண்டாம்.

முன்னணையில் நேரம் செலவிடுங்கள்

இந்தப் பகுதியில் முன்னணை மூன்று முறை வருகிறது: 7-ஆம் வசனத்தில் மரியாள் பிள்ளையை அதில் கிடத்துகிறாள், 12-இல் தூதன் அதை அடையாளமாகச் சொல்கிறான், 16-இல் மேய்ப்பர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். சிறிய கதையில் ஒரு பொருள் மூன்று முறை தலைகாட்டினால், எழுதியவர் நம் விரலைப் பிடித்து அதன்மேல் வைக்கிறார் என்று பொருள். வகுப்பில் உள்ளவர்களிடம் அந்த மூன்று வசனங்களையும் அடிக்கோடிடச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பிள்ளையைத் துணிகளில் சுற்றியிருப்பது அடையாளமாக முடியுமா?

முடியாது. அன்று பிறந்த எல்லாக் குழந்தைகளையும் துணியில்தான் சுற்றியிருப்பார்கள். மற்றக் குழந்தைகளிலிருந்து இந்தக் குழந்தையைப் பிரித்துக் காட்டுவது முன்னணை மட்டுமே. அது கால்நடைகளுக்குத் தீனி வைக்கும் தொட்டி. அந்தப் பகுதியில் கல்லைக் குடைந்து செய்த இத்தகைய தொட்டிகள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. விளிம்பு மாடுகளின் கழுத்துப் பட்டு வழவழப்பாகி, அடியில் வைக்கோலின் தூசி படிந்திருக்கும் ஒரு பொருளைக் கற்பனை செய்து பாருங்கள். மேசியாவைத் தேடிப் புறப்படும் ஒரு பிரபு அந்தப் பக்கம் எட்டியும் பார்த்திருக்க மாட்டான். மேய்ப்பனுக்கோ, ஊரில் எந்த வீட்டில் தீனித் தொட்டி எந்த மூலையில் இருக்கும் என்று தேடுவது பழகிய காரியம்.

என் பார்வையில் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. குழந்தை அரண்மனையில் பிறந்திருந்தால் மேய்ப்பர்கள் வாசற்காவலரைத் தாண்டியிருக்க முடியாது. செய்தியைக் கேட்டும் பயனிருந்திருக்காது. இரட்சகர் வந்து படுத்திருந்த இடம் எளியவர்கள் அனுமதி கேட்காமல் நுழையக்கூடிய இடம். ஆகவே அழைப்பும் அங்கே நுழையக்கூடியவர்களுக்கு முதலில் போயிற்று. அவர் தம்மைத் தாழ்த்தியதும் அவர்களுக்கு முதலில் அறிவிக்கப்பட்டதும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். "உங்களுக்கு" என்று தூதன் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கவனியுங்கள்: உங்களுக்கு அறிவிக்கிறேன், உங்களுக்குப் பிறந்திருக்கிறார், உங்களுக்கு அடையாளம். தொழுவம் என்ற சொல் இந்தப் பகுதியில் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லலாம். முன்னணையைக் கொண்டு நாம் ஊகிப்பதே அது.

முன்னும் பின்னும் புரட்டுங்கள்

இது லூக்காவில் தனித்து நிற்கும் காட்சியல்ல. முதல் அதிகாரத்தில் மரியாள், "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்று பாடுகிறாள். அந்தப் பாடலுக்குப் பின்னால் 1 சாமுவேல் 2-இல் உள்ள, சாமுவேலின் தாயான அன்னாளின் ஜெபம் ஒலிக்கிறது. மேய்ப்பர்களின் காட்சி அப்பாடலின் முதல் நிறைவேற்றம். இரண்டாம் அதிகாரத்திலேயே, பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயின் சுத்திகரிப்புக்காகச் செலுத்தும் காணிக்கையாகக் காட்டுப்புறாக்கள் அல்லது புறாக்குஞ்சுகள் குறிப்பிடப்படுகின்றன. லேவியராகமம் 12:8-இன்படி ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களின் காணிக்கை அது. அறிவிப்பைக் கேட்டவர்கள் மட்டுமல்ல, குழந்தையின் பெற்றோரும் ஏழைகளே. நான்காம் அதிகாரத்தில் நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை விரித்து, தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுவதைத் தம் பணியாக வாசிக்கிறார். இந்த மூன்றையும் வாசித்தாலே, வயல்வெளி இரவு தற்செயல் அல்ல என்பது விளங்கும்.

தாவீதை விட்டுவிடாதீர்கள். "தாவீதின் ஊர்" என்று தூதன் சொன்னதும், அந்த ஊரில் ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒருவன் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது. 1 சாமுவேல் 16-இல் ஈசாயின் குமாரர் ஏழு பேர் சாமுவேலின் முன் கடந்து போனபின், "இன்னும் எல்லாருக்கும் இளையவன் ஒருவன் இருக்கிறான், அவன் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கிறான்" என்று தகப்பன் சொல்கிறான். அவனை அழைத்துவர யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அதே ஊரின் வெளியில், இம்முறை தேவனே ஆள் அனுப்புகிறார்.

தவறான முடிவுக்கு வகுப்பு போகாமல் பாருங்கள்

ஏழ்மையே புண்ணியம், செல்வர்க்கு இடமில்லை என்று யாராவது முடிவு கட்டினால், லூக்காவின் முதல் நான்கு வசனங்களுக்குத் திருப்புங்கள். "மகா கனம்பொருந்திய" தெயோப்பிலுவுக்கே இந்த நூல் எழுதப்பட்டது. மேய்ப்பர்களைப் பற்றி வாசிக்கும் முதல் மனிதரே மதிப்புள்ள பதவியில் இருந்தவராகத் தோன்றுகிறார். யோவான் ஸ்நானகன் பிறக்கப்போவதைக் கேட்ட சகரியா ஓர் ஆசாரியன். ஏரோதின் மகனான ஏரோது அந்திப்பாவின் காரியக்காரன் மனைவி யோவன்னாளும், வரி வசூலிக்கும் ஆயக்காரரின் தலைவனான சகேயுவும் பின்னால் வருகிறார்கள். தூதனின் வார்த்தையும் "எல்லா ஜனத்துக்கும்" என்றுதான் இருக்கிறது. முதலில் கேட்டவர்கள் என்பதற்கு மட்டும் கேட்டவர்கள் என்று பொருளில்லை.

இந்தக் கட்டத்தில் மட்டும் மத்தேயு 2-ஐத் திறக்கலாம். பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் மீகாவின் வசனத்தைச் சொல்லி, கிறிஸ்து பிறக்கும் ஊரைத் தவறில்லாமல் ஏரோதுக்குச் சொன்னார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அவர்களில் ஒருவரும் போனதாக மத்தேயு எழுதவில்லை. லூக்காவின் மேய்ப்பர்களோ, "பார்ப்போம் வாருங்கள்" என்று ஒருவரோடொருவர் சொல்லித் தீவிரமாய்ப் போனார்கள். அவர்களுடைய எளிமை ஒரு தகுதியாக எண்ணப்பட்டது என்பதைவிட, போவதற்குத் தடையாக அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். இதை விவாதிக்க வகுப்புக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். பேசத் தயங்குகிறவர்களும் இங்கே வாய் திறப்பார்கள்.

சிறுவர் வகுப்பானால் அகுஸ்துவைப் பற்றி ஒரு வாக்கியமும், முன்னணையைப் பற்றி நிறையவும் சொன்னால் போதும். நாடகம் போடுவதானால், கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளையும் மேய்ப்பர்களையும் ஒரே மேடைக் காட்சியில் நிறுத்த வேண்டாம். மத்தேயுவின்படி சாஸ்திரிகள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில்.

பெரியவர்களுக்கு நேரம் மிஞ்சினால் 17, 18-ஆம் வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்டவர்களே அங்கே சொல்பவர்களாகிறார்கள். அடுத்த வாரத்துக்கு 2:22–38-ஐ வாசித்து வரச் சொல்லலாம். ஆலயத்தில் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்ட சிமியோனும், முதிர்வயதுள்ள விதவையான அன்னாளும் என்ன பதவியில் இருந்தவர்கள் என்று தேடிப் பார்க்கும் வேலையையும் கொடுத்தனுப்புங்கள்.