மிஸ் ஃபிஷர் தொடரைப் பார்ப்பது எப்படி: கொலையாளியை விடுங்கள், கதவைப் பாருங்கள்

துப்பறியும் தொடர் என்றால் நம்மில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம். பிணம் விழுந்த அடுத்த நிமிடமே ஆளாளுக்கு ‘இவன்தான், இல்லை அந்தம்மாதான்’ என்று ஆரம்பித்துவிடுவோம். கடைசியில் ஊகம் பலித்தால் ‘அப்பவே சொன்னேனே’, பலிக்கவில்லை என்றால் கதை சரியில்லை. ‘மிஸ் ஃபிஷர்ஸ் மர்டர் மிஸ்டரீஸ்’ தொடரை நானும் முதல் தடவை இப்படித்தான் பார்த்தேன். சில எபிசோடுகளில் கொலையாளியைப் பாதியிலேயே பிடித்துவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்கினேன். இரண்டாம் தடவை, யார் கொலையாளி என்று தெரிந்துகொண்டு பார்த்தபோதுதான் எவ்வளவு விஷயத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2012 முதல் 2015 வரை வந்தது, மூன்று சீசன், மொத்தம் 34 எபிசோடு. கெர்ரி கிரீன்வுட் எழுதிய நாவல்களை வைத்து எடுத்தார்கள். கதை நடப்பது 1920-களின் கடைசியில், மெல்போர்னில். வறுமையில் பிறந்து, பிறகு பணமும் பட்டமும் வந்து சேர்ந்த ஃப்ரைனி ஃபிஷர் என்ற பெண்தான் துப்பறிவாளர். நடித்திருப்பவர் எஸ்ஸி டேவிஸ்.

முதலில் வரிசை. ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு வழக்கு தொடங்கி அன்றே முடிந்துவிடும், அதனால் எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் சீசன் முழுக்க அடியில் ஒரு கதை ஓடுகிறது. ஃப்ரைனியின் தங்கை சிறு வயதில் காணாமல் போனவள், அதற்குக் காரணமானவன் என்று ஃப்ரைனி நம்பும் ஆள் சிறையில் இருக்கிறான். இதை நடுவில் பிடித்தால் அவள் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். இதே ஃப்ரைனியை வைத்து 2020-ல் வந்த சினிமாவை மூன்று சீசனும் முடித்த பிறகு பாருங்கள்.

சரி, இப்போது கதவு விஷயம். ஃப்ரைனியிடம் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. யாரையும் கைது செய்ய முடியாது, ஒரு வீட்டுக்குள் ‘சோதனை’ என்று சொல்லி நுழைய முடியாது. அப்புறம் எப்படி உள்ளே போகிறாள்? முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். தோழி வீட்டு மதிய விருந்துக்கு என்று கிளம்பி வருகிறாள், வந்து பார்த்தால் தோழியின் கணவர் செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் ஜாக் ராபின்சன் வேலையாக வந்தவர், இவள் விருந்தாளி. அவருக்கு எதிரே எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், இவளிடம் அந்த வீட்டுப் பெண்கள் பேசுவார்கள். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் டாட் மேல் போலீஸ் சந்தேகம் விழ, ஃப்ரைனி அவளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறாள். அதோடு இன்னொரு கதவும் திறக்கிறது. சீமாட்டியிடம் சொல்லாததை சமையலறையில் டாட்டிடம் சொல்வார்கள், அவளிடமும் சொல்லாததைத் ஃப்ரைனிக்காக ஓடியாடும் டாக்சிக்காரர்கள் பெர்ட், செஸ் இருவரும் துறைமுகத்தில் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு எபிசோடிலும் இதை மட்டும் கவனியுங்கள்: இந்தத் தகவல் யார் வழியாக வந்தது, அதே ஆள் போலீஸ் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? கதையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது, கொலையாளியின் பெயரில் இல்லை.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் ருசி கூடும். பெரிய வாசிப்பெல்லாம் தேவையில்லை, இரண்டு மூன்று விஷயம் போதும். விக்டோரியா மாநிலத்தில் 1916 முதல் 1966 வரை மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கே மூடிவிட வேண்டும். அதனால் இரவில் யாராவது காசு கொடுத்துக் குடிக்கும் காட்சி வந்தால், அந்த இடத்துக்காரருக்கு மறைக்க ஏதோ இருக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெர்ட்டும் செஸ்ஸும் கம்யூனிஸ்டுகள், போலீசைக் கண்டாலே முறைப்பார்கள். சும்மா சிரிப்புக்காக வைத்தது என்று நினைத்தேன். ஆனால் 1928 நவம்பரில் மெல்போர்ன் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் தொழிலாளர்கள்மேல் நிஜமாகவே துப்பாக்கியால் சுட்டிருக்கிறது, அது தெரிந்த பிறகு அந்த முறைப்பு வேறு மாதிரித் தெரிந்தது. ஃப்ரைனியின் தோழி மேக் ஒரு டாக்டர். அந்தக் காலத்தில் பெண் டாக்டரா என்று புருவத்தைத் தூக்க வேண்டாம், பெண் டாக்டர்களே சேர்ந்து 1890-களில் தொடங்கிய குயின் விக்டோரியா மருத்துவமனை அதே ஊரில்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் உலகப் போர். ஃப்ரைனி அங்கே ஆம்புலன்ஸ் வேலை பார்த்தவள், ஜாக்கும் போரிலிருந்து திரும்பியவர். இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலும் இதுதான் நிற்கும்.

உடைகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேசட்டும், உடைகளை வடிவமைத்த மேரியன் பாய்ஸின் வேலை அந்தப் பேச்சுக்குத் தகுதியானதுதான். ஆனால் அழகை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து மணி வடிவத் தொப்பி புருவம் வரை இறங்கி உட்காரும், போட்டவர் எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகவாயைச் சற்றுத் தூக்கியாக வேண்டும். ஃப்ரைனி ஒரு அறைக்குள் நுழையும் தோரணையில் பாதி இதனால் வருவது. அதே அறையில் டாட்டின் கார்டிகனையும் பாருங்கள், பழுப்பும் மங்கலும், எங்கேயும் கண்ணில் படாமல் நிற்பதற்கென்றே போட்டது போல. யார் பார்க்கப்பட வேண்டும், யார் கண்ணில் படாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் துணியே சொல்லிவிடுகிறது.

சில்லறை விஷயங்கள்: மொழிமாற்றம் கிடைத்தாலும் அசல் ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள், ஏனென்றால் சீமாட்டிப் பேச்சும் துறைமுகப் பேச்சும் வேறு வேறாக ஒலிப்பதில்தான் பல நகைச்சுவை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. நாலைந்தை ஒரே மூச்சில் பார்த்தால் கதையமைப்பு ஒரே அச்சு என்று தோன்றிவிடும். கையில் போன் வேண்டவே வேண்டாம், ஜாக் பாதி வசனத்தைப் புருவத்தால்தான் பேசுவார்.

குறையும் உண்டு. ஃப்ரைனிக்குத் தெரியாத வித்தையே கிடையாது, விமானம் ஓட்டுவாள், சுவரேறுவாள், முத்துப் பிடி வைத்த தங்க நிறத் துப்பாக்கியைக் கைப்பையிலிருந்து எடுப்பாள். நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. மூன்றாம் சீசனில் அவள் அப்பா வரும் கதை எனக்குக் கொஞ்சம் இழுவையாகவும் இருந்தது. அந்த இடங்களில் முகம் சுளித்துவிட்டு மேலே போங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

முழுவதும் பார்த்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஆரம்பத்தில் டாட்டுக்குத் தொலைபேசி என்றாலே பயம், மணி அடித்தால் தொடவே தயங்குவாள். முதல் சீசனில் அவள் அந்த ரிசீவரைத் தொடுவதையும், மூன்றாம் சீசனில் அவள் போன் பேசும் ஒரு காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.