வலி மாத்திரையை விடும்போது செய்யக் கூடாதவை

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகோ, விபத்தில் எலும்பு முறிந்தபோதோ டாக்டர் எழுதிக்கொடுத்த டிராமடாலை, டேபென்டடாலை மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இவை பாராசிட்டமால் போல அல்ல. ஓபியாய்டு எனப்படும் அபின் வகையைச் சேர்ந்தவை. டாக்டர் சொன்ன அளவிலேயே எடுத்திருந்தாலும் நாளடைவில் உடம்பு இவற்றுக்குப் பழகிவிடும். விட முயலும்போது வரும் அவஸ்தை மன உறுதிக் குறைவால் வருவதில்லை, உடம்பின் இயல்பு அது. அந்த நாள்களில் தெரியாமல் செய்யும் சில தவறுகள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

‘இன்றோடு தலைமுழுகிவிட்டேன்’ என்று ஒரே நாளில் நிறுத்துவதில்தான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. சிலர் விரும்பி நிறுத்துவதில்லை. 2018இல் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் தரமாட்டார்கள், கையிருப்பு தீர்ந்த அன்றே நின்றுபோகிறது. மாத்திரை உள்ளே இருக்கும்வரை, உடலைப் பரபரப்பாக்கும் நார்அட்ரினலின் மூளைத்தண்டில் அடங்கிக் கிடக்கிறது, குடலும் மந்தமாக அசைகிறது. மாத்திரை திடீரென்று நின்றால் அடங்கியிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் எழும். மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்சம், வியர்வை, கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வருவது அதனால்தான். மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தையும் டிராமடால் தொடுவதால், அதைச் சட்டென நிறுத்தும் சிலருக்குக் கடும் பதற்றமும் குழப்பமும், இல்லாதது இருப்பதுபோலத் தெரிவதும்கூட உண்டு.

ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் போட்டுத்தரும் கணக்குப்படி. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்கள் மாதத்துக்குப் பத்து சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது தாங்கக்கூடியது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டி. சில வாரங்களே எடுத்தவர்கள் இதைவிட வேகமாக விடலாம். ‘எஸ்ஆர்’, ‘இஆர்’ என்று போட்டிருக்கும் மாத்திரையை நீங்களாகவே உடைத்தோ பொடித்தோ அளவைக் குறைக்காதீர்கள். மணிக்கணக்கில் மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

சாதாரண மாத்திரை என்றால் கடைசி வேளையிலிருந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொந்தரவு ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் உடல் உபாதை பெரும்பாலும் தணியும். தூக்கமும் மனநிலையும் சீராக இன்னும் சில வாரம் ஆகும். இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் மூன்றாம் நாள் இரவு, இது முடியவே முடியாது என்று நினைத்து மாத்திரையைத் தேடிப் போகிறார்கள். பழைய வலி இரட்டிப்பாகத் திரும்புவதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதாகப் பயப்படுகிறவர்களும் உண்டு. மாத்திரை விலகும்போது வலியுணர்வு சில காலம் கூர்மையாவது வழக்கம்தான்.

இப்போது சொல்லப்போவதை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சில நாள் அல்லது சில வாரம் விட்டுவிட்டு, தாங்க முடியாமல் மறுபடி பழைய அளவையே எடுப்பதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. தாங்கும் திறன் சீக்கிரம் குறைந்துவிடும். முன்பு வலியை மட்டும் அடக்கிய அதே அளவு, இப்போது மூச்சையே அடக்கிவிடலாம். மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய முதல் சில வாரங்கள் அதனாலேயே மிக ஆபத்தானவை. எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, தொண்டையில் கொரகொரவென்று சத்தம், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் ‘நன்றாகத் தூங்குகிறான், தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108ஐ அழையுங்கள். என்ன மாத்திரை எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதை முறிக்கும் நலோக்சோன் என்ற ஊசி இருக்கிறது.

தூக்கத்துக்காக அல்பிரசோலம் போடுவது, நடுக்கத்துக்காக மது குடிப்பது இரண்டுமே அதே மூச்சைத்தான் அடக்கும். வயிற்றுப்போக்கை நிறுத்த லோபராமைடை இஷ்டத்துக்கு விழுங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இலேயே இதை எச்சரித்தது. வாந்தியும் பேதியும் இருக்கும்போது தண்ணீர் வற்றவிடக் கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட்டைக் குறிப்பிட்ட அளவு நீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லது. எதுவும் உள்ளே தங்கவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கர்ப்பிணிகள் வலி மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக டாக்டர்கள் தரும் பியூப்ரெனார்பினும் ஓபியாய்டு வகைதான் என்பதால், ‘ஒரு போதைக்கு இன்னொரு போதை’ என்று அதை மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவஸ்தையைத் தணித்து, மறுபடி விழாமல் காக்கும் நிரூபணமான மருந்து அது. ஆனால் விலகல் அறிகுறிகள் தெளிவாகத் தொடங்கும் முன் போட்டால் அதுவே கடும் அவஸ்தையைக் கிளப்பும். யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கிப் போடக் கூடாது.

குடும்பத்தினர் அறையில் பூட்டுவதோ கட்டிப்போடுவதோ வைத்தியம் ஆகாது. போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கிய 2017 மனநலச் சட்டம், யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. அந்த நாள்களில் பேச்சுத் துணைக்கு ஒருவர் இருப்பதும், மாத்திரைகளை அவர் பொறுப்பில் வைத்து அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துத் தருவதும் பூட்டைவிடப் பெரிய உதவி.

டாக்டரிடம் வெட்கப்பட்டு எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதும் தவறுதான். எட்டு மாத்திரையை மூன்று என்று சொன்னால் குறைக்கும் கணக்கே பிழையாகிவிடும். காலி அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் அப்படியே எடுத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மன உளைச்சலுக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.