மெட்டல் கியர் சாலிட் 2: காவல் வீரர்களிடம் டாக் டேக் பறிக்கும் முறை

'மெட்டல் கியர் சாலிட் 2' வீடியோ கேமில் காவல் வீரனைக் கொன்றாலும் தூங்கவைத்தாலும் அவன் டாக் டேக் (கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு) கைக்கு வராது. மயங்கிக் கிடப்பவனைத் தூக்கி உலுக்கினால் ரேஷன் உணவு, தோட்டா விழும், அவ்வளவுதான். விழித்திருப்பவனைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, அவனே நடுங்கி உதறும்படி மிரட்ட வேண்டும்.

முதல் வேலை சத்தமில்லாமல் முதுகுப்பக்கம் போய்ச் சேர்வது. இரும்புத் தட்டுப் பாதையில் ஓடினால் காலடிச் சத்தம் அவனுக்குக் கேட்கும். விளக்கு உங்களுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் முந்திக்கொண்டு அவன் கண்ணில் படும். ஆட்டத்தின் முதல் பகுதியான டேங்கர் கப்பலின் மேல்தளத்தில் மழையில் நனைந்து உள்ளே வரும் நாயகன் ஸ்னேக் ஈரக் காலடித் தடம் விடுவான். தடத்தைப் பார்ப்பவன் பின்தொடர்ந்து வருவான். அடுத்த பகுதியான பிக் ஷெல் கடல் தளத்தில், அங்கே நாயகனாக வரும் ராய்டனுக்கு அந்தந்தப் பகுதியின் நோடில் (கணினி முனையத்தில்) லாகின் செய்த பிறகே ரேடார் கிடைக்கும். அதை முடித்துவிட்டு வேட்டையைத் தொடங்குங்கள்.

எம்9 (மயக்க ஊசித் துப்பாக்கி) போன்ற துப்பாக்கியோடு நெருங்கிக் குறிவைத்தால் அவன் கைகளைத் தூக்கிவிடுவான். ஆட்டம் கெடுவது பெரும்பாலும் இதற்கு அடுத்த நொடியில்தான். முன்பக்கம் சுற்றி வருவதற்காகத் துப்பாக்கியை இறக்கப் போய், பலர் சுட்டுவிடுகிறார்கள். பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன் 2) கன்ட்ரோலரின் சதுர பட்டன் விரலின் அழுத்தத்தை உணரும். சட்டென்று விட்டால் துப்பாக்கி வெடிக்கும், மெதுவாகத் தளர்த்தினால் சுடாமல் இறங்கும். இந்த ஒரு அசைவை ஆளில்லாத அறையில் நன்றாகப் பழகிவிட்டுப் போவது நல்லது. அழுத்தம் உணராத கன்ட்ரோலர் என்றால், துப்பாக்கியை இறக்க எந்த பட்டன் என்று கன்ட்ரோல் பக்கத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னால் வந்ததும் தாமதிக்காதீர்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் அவன் துணிந்து திருப்பித் தாக்குவான். ஆர்1 பட்டனைப் பிடித்து முதல்-நபர் பார்வைக்கு (நாயகனின் கண் வழியே பார்ப்பது) மாறி, தலையையோ இடுப்புக்குக் கீழேயோ குறிவையுங்கள். பயந்தவன் கெஞ்சிக்கொண்டே உடம்பை உதறுவான், டேக் கீழே விழும். அதன்மேல் நடந்து எடுக்க மறந்துவிடாதீர்கள்.

எல்லோரும் இதற்கு மசிய மாட்டார்கள். "சுட மாட்டாய்" என்கிற தோரணையில் நிற்பவனின் கையிலோ காலிலோ ஒரு குண்டு போட்டு, மறுபடி குறிவைக்க வேண்டும். அதற்கு எம்9 உதவாது. மயக்க ஊசி கை காலில் பட்டாலும் சற்று நேரத்தில் தூங்கிவிடுவான். ஸ்னேக்கிடம் உள்ள 'யுஎஸ்பி' (USP), ராய்டனிடம் உள்ள 'சோகம்' (SOCOM) என்ற கைத்துப்பாக்கிகள்தான் சரி. சைலன்சர் இல்லையென்றால் சத்தம் கேட்டு மற்றவர்கள் வருவார்கள். அதனால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை முடித்துவிட்டு, இப்படிப்பட்டவனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டேக் எடுத்த பிறகு தலையில் ஒரு மயக்க ஊசி. தலையில் பட்டால் அந்த நொடியே சாய்வான். பிறகு லாக்கரில் அடைத்துவிடலாம். தலைமையகம் அவ்வப்போது ரேடியோவில் நிலவரம் கேட்கும். பதில் வராவிட்டால் தேட ஆள் வரும். அதனால் ஒரே இடத்தில் எல்லோரையும் தூங்கவைத்துவிட்டு உலாவ முடியாது.

கடினநிலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேக் பட்டியல் உண்டு. ஈஸியில் எடுத்தது ஹார்ட் கணக்கில் சேராது. டேங்கர் பகுதி முடிந்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை, எனவே அங்கிருந்து நகருமுன் பட்டியலைச் சரிபாருங்கள். போதிய டேக்குகளோடு ஆட்டத்தை முடித்து சேவ் செய்தால் பரிசுகள் வரும்: தோட்டா தீராத பாண்டானா (தலைப்பட்டை), ஆளையே மறைக்கும் ஸ்டெல்த், ராய்டனுக்கு விக்குகள். ஆரஞ்சு விக் அணிந்தால் தொங்கும்போது பிடி தளராது, நீல விக் அணிந்தால் நீருக்கடியில் மூச்சு தீராது. முதலில் எளிய நிலையில் ஸ்டெல்த்தை வாங்கிவிட்டு, எக்ஸ்ட்ரீம் பட்டியலை அதன் துணையோடு தொடங்குங்கள்.