புதுசா கியர் பைக் கத்துக்கறவங்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி ரோட்ல எறங்கறதுக்கு முன்னாடி எங்க, எப்படி பழகறது

நம்ம பக்கம் பைக் கத்துக்குடுக்கற முறை எல்லா வீட்லயும் ஒண்ணுதான். அண்ணனோ மாமாவோ ஒரு ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போயி இது கிளட்ச், இது கியர், இது ஆக்சிலேட்டர்னு காமிப்பாங்க, வண்டி நகந்துடுச்சுன்னா "அவ்ளோதான், வந்துருச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த நாளே பஸ் ஸ்டாண்டுக்கு போயிட்டு வாடான்னு அனுப்பிருவாங்க. ஓட்ட சொல்லிக்குடுத்தாங்க, சரி, திடீர்னு நிறுத்தறத யாரும் சொல்லிக்குடுக்கல. பயம் வர்றதே அங்கதான். நம்மளால இத நிறுத்த முடியும்னு கைக்கும் காலுக்கும் தெரிஞ்சுட்டா பாதி பயம் தானா போயிடும், அதனால இத எழுதறேன்.

முதல்ல எல்எல்ஆர் எடுத்துருங்க, கியர் வண்டிக்கு 18 வயசு ஆகணும். எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு போக முடியும். அந்த 30 நாள் சும்மா காத்திருக்கறதுக்கு இல்லங்க, பழகறதுக்குத்தான். வண்டில எல் போர்டு ஒட்டுங்க, சொல்லிக்குடுக்கறவர தவிர பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க. ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா, தலைக்கு இறுக்கமா பாத்து வாங்குங்க, நாடாவ மாட்டணும், மாட்டாத ஹெல்மெட் விழறப்ப தலைக்கு முன்னாடி அது பறந்துடும். செருப்பு வேணாம், ஷூ போடுங்க.

எங்க பழகறது? நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஊருக்கு வெளிய பிளாட் போட்டு ரோடு மட்டும் போட்ட லேஅவுட் நெறைய இருக்கு, வீடு ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். ஒரு வார்த்த கேட்டுட்டு காலையில 6 மணிக்கு போனீங்கன்னா 8 மணி வரைக்கும் நிம்மதியா ஓட்டலாம். ஸ்கூல் கிரவுண்டும் பரவால்ல, ஆனா மண்ணு தரையில பிரேக் பழகாதீங்க, தார் ரோடுதான் வேணும். வண்டி லேசானதா இருக்கட்டும். ஸ்ப்ளெண்டர் மாதிரி 110 கிலோ சுமாருக்கு இருக்கற வண்டி போதும், ரெண்டு காலும் தரையில நல்லா ஊனணும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, ஸ்ப்ளெண்டர்ல எல்லா கியரும் முன்னாடி மிதிச்சு போடறது, பல்சர்ல முதல் கியர் மட்டும் கீழ, மத்ததெல்லாம் மேல. ஒண்ணுல பழகிட்டு இன்னொண்ணு எடுத்தா கொஞ்ச நேரம் கிரவுண்ட்லயே ஓட்டிப் பாத்துட்டு வெளிய போங்க.

முதல் நாள் இன்ஜின் ஸ்டார்ட்டே பண்ண வேணாம். வண்டிய தள்ளிட்டு நடங்க, இடது பக்கம் வலது பக்கம் திருப்புங்க, சைடு ஸ்டாண்ட் போடுங்க எடுங்க, ஏறி எறங்குங்க. இத யாரும் பண்றதில்ல, ஆனா புதுசா ஓட்டறவங்க நெறைய பேரு வண்டிய கீழ போடறது ஓடறப்ப இல்ல, நிக்கறப்பதான், வெயிட்டு ஒரு பக்கம் சாஞ்சா எப்ப புடிக்க முடியாம போகும்னு ஒடம்புக்கு தெரியல, அதான்.

அப்பறம் கிளட்ச். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டர தொடாம, கிளட்ச மெல்ல மெல்ல விடுங்க. ஒரு எடத்துல வண்டி லேசா முன்னாடி இழுக்கும், அங்கயே நிறுத்துங்க, திரும்ப புடிங்க. இதையே ஒரு அர மணி நேரம் செய்ங்க. கால தரையில வெச்சுட்டே வண்டி கூட நடக்கற மாதிரி போங்க, அந்த இழுக்கற எடம் எங்க இருக்குன்னு விரலுக்கு தெரியறவரைக்கும் கால் மேல எடுக்க வேணாம். எங்க அக்கா பொண்ணு காலேஜ் போறதுக்காக கத்துக்கிட்டா, "மாமா வண்டி ஆஃப் ஆயிட்டே இருக்கு, எனக்கு வராது போல"ன்னு அழுதுட்டா, ஆக்சிலேட்டர விட்டுட்டு வெறும் கிளட்ச் மட்டும் பழகு பாப்பான்னு சொன்னேன், அந்த வாரத்துலயே சரியாயிடுச்சு. ஆஃப் ஆகறது தப்பே இல்லங்க.

அடுத்தது மெதுவா ஓட்டறது. வேகமா ஓட்டறது சுலபம், சக்கரம் சுத்தற வேகத்துலயே வண்டி தானா நேரா நிக்கும். நடக்கற வேகத்துல ஓட்டறதுதான் வித்தை. அதுக்கு பாதி கிளட்ச், லேசா ஆக்சிலேட்டர், காலால பின் பிரேக்க தொட்டும் தொடாம, மூணும் சேர்ந்து வேல செய்யணும். இந்த வேகத்துல முன் பிரேக்க தொடாதீங்க, ஹேண்டில் திரும்பி இருக்கறப்ப புடிச்சா பட்டுனு சாஞ்சுடும். காலி தண்ணி பாட்டில் நாலஞ்சு வெச்சு அதுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போங்க, அப்பறம் எட்டு போடுங்க. ஆர்டிஓ டெஸ்ட்ல கேக்கறதும் எட்டுதான், கால் ஊனக்கூடாது. எட்டு வராம போறதுக்கு முக்கால்வாசி காரணம் முன் சக்கரத்தையே பாக்கறது, எங்க போகணுமோ அங்க மூஞ்சிய திருப்புங்க, தாடை தோள்பட்டை பக்கம் போற அளவுக்கு, வண்டி பின்னாடியே வரும்.

இப்ப முக்கியமான விஷயம், பிரேக். "முன் பிரேக் புடிச்சா கவுந்துடும், அத தொடவே தொடாத"ன்னு நம்ம ஊர்ல பெரியவங்க சொல்றத கேட்டு, வருஷக்கணக்கா பின் பிரேக் மட்டும் வெச்சு ஓட்டறவங்க இருக்காங்க. பிரேக் புடிச்சா வண்டியோட பாரம் முன்னாடி சாயும், முன் சக்கரம் ரோட்ட நல்லா அழுத்தும், பின் சக்கரம் லேசாயிடும். அதனால நிறுத்தற சக்தில பெரும் பங்கு முன் பிரேக்ல இருந்துதான் வருது, பின் பிரேக் மட்டும் மிதிச்சா சக்கரம் சுத்தாம வழுக்கிட்டு போகும், நிக்காது. பெரியவங்க பயந்ததுலயும் ஒரு உண்ம இருக்கு, வெடுக்குனு புடிச்சா முன் சக்கரம் பூட்டிக்கும். எலுமிச்சம்பழம் புழியற மாதிரி புடிக்கணும், முதல்ல லேசா, பாரம் முன்னாடி வந்த ஒடனே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

ரோட்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. 20 கிலோமீட்டர் வேகத்துல வந்து, கோட்டுக்கிட்ட பிரேக் புடிக்க ஆரம்பிச்சு எங்க நிக்குதுன்னு பாருங்க. முதல்ல பின் பிரேக் மட்டும், அப்பறம் முன் பிரேக் மட்டும், அப்பறம் ரெண்டும் சேத்து. வித்தியாசத்த கண்ணால பாத்தா யாரும் சொல்லத் தேவையில்ல. கிளட்ச நிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி புடிச்சா போதும், மொதல்லயே புடிக்காதீங்க, இன்ஜினும் வேகத்த கொறைக்க உதவும். ஹேண்டில் நேரா, கண்ணு தூரத்துல. 20ல நம்பிக்க வந்தா 30, அப்பறம் 40. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கற புது வண்டில ஏபிஎஸ் (பிரேக் புடிக்கறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற அமைப்பு) கட்டாயம், அதுக்கு கீழ ரெண்டு பிரேக்கும் சேர்ந்து வேல செய்யற சிபிஎஸ் இருக்கும். ஏபிஎஸ் இருந்தாலும் பழகணும், நெறைய வண்டில முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ், பின்னாடி வழுக்கும்.

இன்னொரு கணக்கு. வேகம் ரெண்டு மடங்கு ஆனா நிக்கற தூரம் நாலு மடங்கு ஆகும். நல்ல தார் ரோட்ல 30ல 5 மீட்டர்ல நின்னா 60ல 20 மீட்டர் வேணும், அதுவும் பிரேக் புடிச்ச அப்பறம். பாத்து யோசிச்சு கை போறதுக்குள்ள ஒரு செகண்ட் ஆச்சுன்னா 60ல போற வண்டி அதுக்குள்ளயே 16, 17 மீட்டர் ஓடிருக்கும். முன்னாடி போற வண்டிக்கிட்ட ஒட்டிட்டு போகாதீங்கன்னு சொல்றது இதுக்காகத்தான்.

பிரேக் கைக்கு வந்தப்பறம் ஊருக்குள்ள போங்க, அதுவும் தருமபுரி நாலு ரோடு, கிருஷ்ணகிரி ரவுண்டானா எல்லாம் விடியக்காலையில ஒரு தடவ, கூட்டம் கம்மியா இருக்கறப்ப ஒரு தடவ போயி பழகிட்டு அப்பறமா சாயங்கால நேரத்துல போங்க. மேடான எடத்துல நின்னு கெளம்பறத தனியா பழகுங்க, பின் பிரேக்க மிதிச்சுட்டே கிளட்ச இழுக்கற எடத்துக்கு கொண்டு வந்து, ஆக்சிலேட்டர் குடுத்து, அப்பறம் பிரேக்க விடணும், வண்டி பின்னாடி ஒரு இன்ச் கூட போகாது. டவுன் பஸ் நிக்குதுன்னா அதுக்கு முன்னாடி இருந்து ஆள் வருவாங்கன்னே நெனச்சுக்கோங்க.

கிராமத்து ரோடு காலியா இருக்கும், சுலபம்னு நெனைப்பீங்க. மார்கழி, தை மாசத்துல ராகிக் கதிரு, கொள்ளுக்கொடி எல்லாம் ரோட்லயே காயப்போட்டு இருப்பாங்க, வண்டி ஏறி மிதிச்சா மணி உதிரும்னு. அது மேல பிரேக் புடிச்சா வழுக்கும், கொடி சக்கரத்துல சுத்திக்கும். தூரத்துலயே வேகத்த கொறச்சு, முடிஞ்சா சுத்திப் போங்க, ஏறித்தான் ஆகணும்னா ஹேண்டில திருப்பாம, பிரேக் தொடாம நேரா தாண்டுங்க. கதிரு பறக்காம இருக்க ஓரத்துல வெச்ச கல்லு, கதிர அள்ளின அப்பறமும் அங்கயே கெடக்கும், ராத்திரில அது கண்ணுக்கே தெரியாது. பாலக்கோடு, அரூர் பக்கம் கரும்பு டிராக்டர் பின்னாடி லைட்டு இல்லாம போகும், அதுவும் ராத்திரிலதான். புதுசா ஓட்டறவங்க கொஞ்ச மாசத்துக்கு இருட்டறதுக்குள்ள வீடு வந்துருங்க. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்ட காட்டு ரோட்ல யானை நடமாட்டம் இருக்கு, அங்க பொழுது சாஞ்சா யாருமே பைக்ல போகக்கூடாது.

மலை ரோடுக்கு பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் எறங்கற வழி நல்ல பாடம், ஆனா கூட்டம் இல்லாத வார நாள்ல போங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டிட்டு எறங்கற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு வேணாம். ரெண்டாவது, மூணாவது கியர்ல எறங்கினா இன்ஜினே வேகத்த புடிச்சு வெக்கும், பிரேக் சூடாகாது. வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொறச்சுருங்க, வளைவுக்குள்ள போயி கொறைக்காதீங்க. பஸ்ஸு வளைவுல நம்ம பக்கம் ஏறித்தான் வரும், அதனால நடுக்கோட்ட ஒட்டாதீங்க. 30க்கு மேல போறப்ப இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடிய லேசா முன்னாடி தள்ளிப் பாருங்க, வண்டி தானா இடது பக்கம் சாயும், இத நேர் ரோட்ல பழகிட்டு மலைக்கு வாங்க. கொரங்கு இருக்கும், தீனி போட நிக்காதீங்க.

நாலு வழிச்சாலைய கடைசியா வெச்சுக்கோங்க. லாரி தாண்டறப்ப காத்து முதல்ல வெளிய தள்ளும், அப்பறம் உள்ள இழுக்கும், கைய இறுக்காம முட்டிய டேங்க்ல ஒட்டி வெச்சுட்டா வண்டி ஆடாது. தொப்பூர் கணவாய் பக்கம் மட்டும் புதுசா ஓட்டறவங்க போகவே வேணாம்னு ஒரு அண்ணனா சொல்றேன். சேலம் பக்கம் போறப்ப அது நீண்ட எறக்கம், பாரம் ஏத்துன லாரிக்கு பிரேக் சூடாகி புடிக்காம போகும், 2020 டிசம்பர்ல ஒரு லாரி வரிசையா நின்ன வண்டிங்க மேல ஏறி உயிர் போனது இங்கதான். போயே ஆகணும்னா கூட ஓட்டத் தெரிஞ்சவங்க இருக்கணும், ரெண்டு லாரிக்கு நடுவுல மாட்டிக்காதீங்க.

லைசென்ஸ் வந்த ஒடனே வீட்ல அம்மா பின்னாடி ஏறி உக்காருவாங்க, அத மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்க. முதல்ல ஏத்த வேண்டியது பைக் ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர, அவங்களுக்கு ஆடாம உக்காரத் தெரியும். அவங்கள வெச்சுட்டு அதே கோட்டுக்கிட்ட 20ல இருந்து பிரேக் பழகுங்க, நிக்கற தூரம், வண்டி கனம், கெளம்பற கிளட்ச் எல்லாமே மாறிருக்கும். பின் டயர்ல காத்தும் கொஞ்சம் ஏத்தணும், எவ்ளோன்னு வண்டி புக்ல போட்டிருக்கும். புடவ கட்டினவங்க ஒரு பக்கமா உக்காந்தா பாரம் அந்தப் பக்கம் இழுக்கும், மொந்தானையும் பின் சக்கரத்துல மாட்டும், அதனால பின் சக்கரத்துப் பக்கத்துல புடவ மாட்டாம இருக்கறதுக்கான கம்பித் தடுப்பு இருக்கான்னு பாத்துட்டு, மொந்தானைய இடுப்புல சொருகச் சொல்லிட்டு, அவங்களுக்கும் ஒரு ஹெல்மெட் மாட்டி விட்டுட்டு கெளம்புங்க.