அரிய ஆங்கிலச் சொற்களை உடைத்துப் படிப்பது எப்படி?

தாத்தா தவறியபோது விடுப்பு கேட்டு அனுப்பிய மின்னஞ்சலில், வீடே 'லுகூப்ரியஸாக' இருக்கிறது என்று எழுதினேன். சோகம் என்று பட்டியலில் மனப்பாடம் செய்த சொல். மூஞ்சியை மிகையாகத் தொங்கப்போட்டிருப்பதைச் சொல்லும் கிண்டலும் அதில் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டியலை அன்றோடு விட்டேன். இப்போது நோட்டும் பேனாவும், நாளுக்கு ஒரே ஒரு சொல்லும்தான்.

படி 1: படிக்கும்போது தட்டுப்பட்ட சொல்லை, அது வந்த வரியோடு எழுதிக்கொள்ளுங்கள். அகராதி அப்புறம்.

படி 2: உடையுங்கள். நேரம் இங்கேதான் போக வேண்டும். 'சோம்னாம்புலிஸ்ட்' என்றால் தூக்கத்தில் நடப்பவர். லத்தீனில் 'சோம்னுஸ்' தூக்கம், 'அம்புலாரே' நடப்பது. இன்சோம்னியாவில் இருப்பது இதே தூக்கம். ஆம்புலன்ஸிலும் இதே நடைதான்! படையோடு கூடவே நகர்ந்த மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'நடக்கும் மருத்துவமனை' என்றார்கள். பெயர் பிற்பாடு வண்டிக்கு ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று, 'பெட்ரிகோர்'. காய்ந்த தரையில் மழை விழுந்ததும் எழும் வாசனைக்கு, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும் 1964இல் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'பெட்ரா' பாறை. பெட்ரோலில் இருப்பதும் அதுவே. 'இகோர்' தேவர்களின் உடம்பில் ஓடும் ரத்தம். நமக்கு மண்வாசனை, அவர்களுக்குக் கல்லின் குருதி.

படி 3: இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி உச்சரிப்பைக் கேளுங்கள். நான் வெகுநாள் 'பெட்ரிச்சோர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரேக்க வழி வந்த சொற்களில் சிஹெச் பெரும்பாலும் 'க'தான், கெமிஸ்ட்ரியில் வருவதுபோல.

படி 4: ஈடான தமிழ்ச் சொல்லை எழுதி, அது எங்கே ஒத்துவரவில்லை என்றும் பக்கத்தில் குறியுங்கள். 'மெலிஃப்ளுவஸ்' அப்படியே 'தேனொழுகும்' என்பதுதான். ஆனால் "தேனொழுகப் பேசுறான்" என்றால் நாம் கொஞ்சம் உஷாராகிவிடுவோம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் குரலுக்கும் இசைக்கும் கொடுக்கும் பாராட்டு.

படி 5: மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பொருளை மறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். மறந்திருந்தால் மறுபடி முதல் நாள்.

இன்றைக்கு 'செரண்டிபிட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தேடாமலே நல்லது கிடைப்பதைக் குறிக்க, 1754இல் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல். உள்ளே இலங்கையின் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, உடைத்துப் பாருங்கள்.